அழுத்தத்தில் ஆக்ஸிஜன்: கடலூரிலும் புதுச்சேரியிலும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு செவிலியர். சென்னையில் ஒரு மருத்துவமனையின் உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அந்த அறையை அங்கே எல்லோரும் சேம்பர் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஊருக்கு வந்ததிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது போன் செய்து இதைப் பற்றிக் கேட்கிறார். சர்க்கரைப் புண் ஆறாத அப்பாவுக்காக மகன், புதுச்சேரியில் டைவிங் கற்றுக்கொள்ளும் கல்லூரிப் பிள்ளைகள், ஆட்டிசம் குழந்தையின் அம்மா. அவர்களுக்குச் சொன்னதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். என் தம்பி புதுச்சேரியில் டைவ் மாஸ்டர். கடல் சம்பந்தமான கேள்விகளில் பாதி அவன் வழியாக வந்தவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுத்தத்தில் கொடுக்கும் ஆக்ஸிஜன் ஒரு மருந்து. எந்த நோய்க்கு, எத்தனை மடங்கு அழுத்தத்தில், எத்தனை நிமிடம், எத்தனை நாள் என்ற நாலுக்கும் பதில் தெரியாமல் யாரும் உள்ளே போய்ப் படுக்க வேண்டாம்.

சேம்பருக்குள் என்னதான் நடக்கிறது, சிஸ்டர்?

நாம் நிற்கும் தரையில் காற்று ஒரு மடங்கு அழுத்தம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் 10 மீட்டர் இறங்கினால் இன்னொரு மடங்கு சேரும். சேம்பர் என்பது தண்ணீர் இல்லாமல் அந்த ஆழத்துக்கு உங்களை இறக்கும் ஒரு கெட்டியான உருளை. பெரும்பாலான சிகிச்சை 2 முதல் 2.5 மடங்கில் நடக்கும். 2.4 மடங்கு என்றால் 14 மீட்டர் ஆழம், நம் மீனவர் கணக்கில் சுமார் 8 பாகம். அந்த அழுத்தத்தில் சுத்தமான ஆக்ஸிஜனை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சுவாசிக்க வேண்டும்.

இதனால் என்ன லாபம்? நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். 100 மில்லி ரத்தத்தில் அது சுமார் 20 மில்லி ஆக்ஸிஜனைச் சுமக்கும். ஆரோக்கியமான ஒருவருக்குச் சாதாரணக் காற்றிலேயே அது 97, 98 சதவீதம் நிரம்பியிருக்கிறது. சீட் எல்லாம் நிரம்பிய கடலூர் - புதுச்சேரி பஸ் மாதிரி. இன்னும் ஆள் ஏற்ற வழியில்லை. ஆனால் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்து போகிற ஆக்ஸிஜன் என்று ஒன்று உண்டு. சாதாரணமாக அது 0.3 மில்லிதான், கணக்கிலேயே வராது. சுத்த ஆக்ஸிஜனை 3 மடங்கு அழுத்தத்தில் சுவாசித்தால் இது சுமார் 6 மில்லிக்கு ஏறிவிடும். ஓய்வாகப் படுத்திருக்கும் உடம்புக்கு அந்த 6 மில்லியே கிட்டத்தட்டப் போதும். பஸ்ஸுக்குக் காத்திராமல் ஆக்ஸிஜன் நடந்தே போய்ச் சேர்கிறது. வீங்கி இறுகிப் போன திசுவில், சிவப்பணு நுழைய முடியாத சந்திலும் அது புகுந்துவிடும்.

இதை 1960இல் ஆம்ஸ்டர்டாமில் போரெமா என்ற அறுவை மருத்துவர் நிரூபித்தார். பன்றிக்குட்டிகளின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டு, 3 மடங்கு அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுத்து உயிரோடு வைத்திருந்தார். வேலையில் சேர்ந்த முதல் வாரம் எங்கள் டாக்டர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை, வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டு ஆக்ஸிஜன் கொடுப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2021இல் சிலிண்டர் தேடி அலைந்தோமே, அது நுரையீரல் சரியாக வேலை செய்யாமல் ஹீமோகுளோபின் நிரம்பாமல் போனவர்களுக்கு. மாஸ்க் எவ்வளவு இறுக்கமாகப் போட்டாலும் அது ஒரு மடங்கு அழுத்தம்தான்.

எந்த நோய்களுக்கு இது உண்மையிலேயே உதவுகிறது?

பட்டியல் சிறியது. இரண்டு நோய்களுக்கு இதுதான் முதல் சிகிச்சை: வேகமாக மேலே வந்த டைவருக்கு வரும் பெண்ட்ஸ், ரத்தக் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிடும் ஏர் எம்பாலிசம். அங்கே சேம்பருக்கு மாற்று கிடையாது.

மற்றவற்றில் இது துணை. வாயு அழுகல் என்கிற கேஸ் கேங்ரீனில் கிருமி ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில்தான் செழிக்கும், சேம்பர் அதன் நஞ்சு உற்பத்தியை நிறுத்துகிறது. ஆனால் அழுகிய சதையை வெட்டி எடுப்பதும் ஆன்டிபயாடிக்கும் முதலில். இயந்திரத்தில் நசுங்கிய கை கால், ரத்தம் போகாமல் கறுக்கத் தொடங்கும் தோல் ஒட்டு, எத்தனை மருந்துக்கும் அடங்காத எலும்புச் சீழ், கார்பன் மோனாக்ஸைடு நஞ்சு ஆகியவையும் இதில் வரும்.

நம் ஊரில் யாரும் கேட்காத ஒன்று, ஆனால் நிறையப் பேருக்குத் தேவைப்படுவது: கதிர்வீச்சுக்குப் பிந்திய சேதம். வாய்ப் புற்றுக்கு ரேடியேஷன் எடுத்து, இரண்டு மூன்று வருடம் கழித்துத் தாடை எலும்பு செத்துப்போய் வெளியே தெரியும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு எடுத்தவர்களுக்குச் சிறுநீரில் ரத்தம் வரும். ரேடியேஷன் அந்த இடத்தின் நுண்குழாய்களை அழித்திருக்கும், சேம்பர் புதுக் குழாய்கள் முளைக்கத் தூண்டுகிறது. இதற்கு 30, 40 முறை தேவைப்படும்.

இன்னொன்று, திடீரென ஒரு காது கேட்காமல் போவது. காலையில் எழுந்தால் ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் விட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அன்றே காது மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. சேம்பரும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன்.

அப்பாவுக்குச் சர்க்கரைப் புண். காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். சேம்பர் காப்பாற்றுமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. என் அப்பாவுக்கும் இதே நிலை வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புண் ஆற நாலு விஷயம் நடக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். புண் மேல் உடம்பின் எடை விழாமல் பார்க்க வேண்டும், அதற்குத் தனிச் செருப்போ மாவுக்கட்டோ போடுவார்கள். காலுக்கு ரத்தம் போய்ச் சேர வேண்டும். இந்த நாலாவதை யாரும் சோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். தொடையிலேயே பெரிய ரத்தக் குழாய் அடைத்திருந்தால், எத்தனை ஆக்ஸிஜனை ரத்தத்தில் கரைத்தாலும் அந்த ரத்தம் பாதத்துக்குப் போக வேண்டாமா? அப்படிப்பட்டவருக்கு முதலில் அடைப்பை எடுக்க வேண்டும்.

என் அப்பாவின் குதிகால் புண்ணைப் பார்த்த ஓர் இடத்தில், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்கூட எடுக்காமல் 40 முறை சேம்பருக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். நான் சேம்பரில் வேலை பார்க்கும் பெண் என்று அவர்களுக்குத் தெரியாது. அப்பாவை எழுப்பி அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறு மருத்துவரிடம் டாப்ளர் எடுத்தபோது முழங்காலுக்குக் கீழே அடைப்பு தெரிந்தது. பலூன் வைத்துத் திறந்தார்கள். அதன் பிறகு 28 முறை சேம்பர், கூடவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினோம். இரண்டு விரல் போயிற்று, பாதம் நின்றது. இதில் சேம்பரின் பங்கு எவ்வளவு, பலூனின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் கால் எடுப்பது குறைந்தது, சிலவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எலும்பு அல்லது ஆழமான திசு வரை போன புண், முறையான சிகிச்சை ஒரு மாதம் கொடுத்தும் அசையாத புண் என்றால்தான் சேம்பரை யோசிப்பார்கள். மேலோட்டமான புண்ணுக்குத் தேவையில்லை. புண்ணைச் சுற்றித் தோலில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று ஒட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. ஆக்ஸிஜன் கொடுத்தும் அந்த எண் ஏறவில்லை என்றால் சேம்பரால் பயன் குறைவு என்று முன்பே தெரிந்துவிடும். இதைக் கேட்டு வாங்குங்கள்.

சேம்பருக்குள் சர்க்கரை இறங்கும். உள்ளே போகும் முன் குத்திப் பார்க்காமல் அனுப்பும் இடம் சரியான இடம் இல்லை. வெறும் வயிற்றில் போகவே கூடாது.

பெண்ட்ஸ் என்றால் என்ன? டைவ் கற்கப் போகிறேன், பயமாக இருக்கிறது.

கோலி சோடாவைத் திறந்து பார்த்திருப்பீர்கள். கோலி உள்ளே விழும் வரை தண்ணீர் சும்மா இருக்கும். விழுந்ததும் குமிழி பொங்கும். அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் சட்டென்று விலகியதும் குமிழியாகிறது. டைவரின் உடம்பில் கரைவது நைட்ரஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான். ஆழத்தில் இருக்கும் நேரம் கூடக்கூட அது ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்துகொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாக வெளியேறிவிடும். வேகமாக வந்தால் மூட்டிலும் முதுகுத்தண்டிலும் குமிழி கட்டும்.

இந்த நோயை முதலில் பார்த்தது கடலில் அல்ல. 1840களில் பிரான்சில் லுவார் ஆற்றோரம் நிலக்கரிச் சுரங்கம் தோண்ட, தண்ணீர் புகாமல் இருக்க டிரிஜே என்ற பொறியாளர் குழிக்குள் அழுத்தக் காற்றை அடைத்தார். வேலை முடித்து வெளியே வந்த தொழிலாளிகளுக்கு மூட்டு வலி வந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அடித்தளம் இறக்கியபோது தலைமைப் பொறியாளர் ரோப்ளிங்கே 1872இல் இதில் முடங்கிப் போனார். காரணம் நைட்ரஜன் குமிழிதான் என்று 1878இல் எழுதி நிறுவியவர் பால் பேர் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர். அதிக அழுத்தத்தில் ஆக்ஸிஜன் வலிப்பை உண்டாக்கும் என்று முதலில் காட்டியவரும் அவரே. அந்தக் காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இங்கே டைவ் கற்கும் பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியர் தெரிகிற அளவுக்காவது பால் பேர் தெரிய வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. அவர்கள் உயிரைக் காப்பாற்றும் கணக்கு அவரிடமிருந்து தொடங்குகிறது. 1908இல் ஸ்காட்லாந்துக்காரர் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி மேலே வர வேண்டும் என்ற அட்டவணையைப் போட்டார். இன்று கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கின் பேரப்பிள்ளை.

பயப்பட வேண்டாம். புதுச்சேரிக் கடலில் கற்றுக்கொள்பவர்கள் போகும் செயற்கைப் பாறைத்திட்டு சுமார் 18 மீட்டர் ஆழம், 10 பாகம். பரவலாகப் புழங்கும் ஓர் அட்டவணைப்படி அந்த ஆழத்தில் முதல் டைவில் 56 நிமிடம் வரை இருந்துவிட்டு நேரே மேலே வரலாம். 30 மீட்டருக்கு 20 நிமிடம்தான். மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். மூச்சை மட்டும் அடக்காதீர்கள், அதில்தான் நுரையீரல் கிழிந்து காற்று ரத்தத்தில் புகும்.

டைவ் முடித்து வந்தவருக்குத் தோள் வலி, கால் மரத்துப் போகிறது. கரையில் என்ன செய்ய?

பெண்ட்ஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குள் தெரியும், கிட்டத்தட்ட எல்லாமே 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். தோள், முழங்கை, முழங்கால் வலி. தோலில் அரிப்பு, பளிங்குக் கோடு மாதிரிப் புள்ளிகள். தலைச்சுற்றல், கால் பலமிழப்பு. சிறுநீர் வரவில்லை என்று ஒருவர் சொன்னால் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டிருக்கலாம், ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். படகில் இருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரை இறுக்கமான மாஸ்கில், முழு அளவில் கொடுங்கள். அது நைட்ரஜனை வெளியே இழுக்கும். வலி குறைந்தாலும் நிறுத்த வேண்டாம். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுக்கலாம். 108ஐக் கூப்பிட்டு டைவிங் விபத்து என்று சொல்லுங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், எத்தனை டைவ், எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்று காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். டைவ் கம்ப்யூட்டரையும் கூடவே அனுப்புங்கள். எல்லா டாக்டரும் இந்த நோயைப் பார்த்திருக்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

சென்னைக்கு அனுப்ப வேண்டி வந்தால் ஈசிஆர் சாலை கடல் மட்டத்திலேயே போகிறது, அது நல்லது. போகும் வழி முழுக்க ஆக்ஸிஜன் தீராமல் பாருங்கள். அங்கே சேம்பரில் மறுபடியும் 18 மீட்டர் அழுத்தத்துக்கு, 2.8 மடங்குக்கு, இறக்குவார்கள். குமிழி சுருங்கும், ஆக்ஸிஜன் நைட்ரஜனைத் துரத்தும். அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் அட்டவணை என்று பெயர், மொத்தம் 4 மணி 45 நிமிடம்.

வலி வந்தால் மறுபடியும் முங்கினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

தெற்கே கம்ப்ரசர் குழாய் வைத்துச் சங்கு குளிக்கும் ஆட்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. வலி தற்காலிகமாகக் குறையும், ஏனென்றால் குமிழி சுருங்குகிறது. ஆனால் அவர்கள் கீழே சுவாசிப்பது அதே காற்று. இன்னும் நைட்ரஜன் ஏறும், மேலே வரும்போது வலி இரட்டிப்பாகும். பாதி வழியில் கால் விழுந்துவிட்டால் கடலுக்குள் யார் தூக்குவது?

அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள். தங்கை தாலி அவன் கையில் இருக்கிறது, விட மாட்டான் என்று. அவர்கள் ஒரே மூச்சில் போய் வந்தவர்கள், நைட்ரஜன் அவ்வளவாக ஏறாது. கம்ப்ரசர் வந்ததும் மணிக்கணக்கில் கீழே இருக்க முடிகிறது. மேலே இருப்பவர் எவ்வளவு பாசமாகக் கயிறு பிடித்தாலும் நேரத்தைக் கணக்குப் பார்க்காவிட்டால் போதாது. தேவனாம்பட்டினத்திலோ சோனாங்குப்பத்திலோ யாராவது அறுந்த வலையையும் சிக்கிய படகு விசிறியையும் எடுக்க சிலிண்டர் கட்டி இறங்குகிறார் என்றால், ஒரு வாட்டர்புரூஃப் கைக்கடிகாரமாவது வாங்கிக் கொடுங்கள்.

ஜெனரேட்டர் புகைக்கும் சேம்பருக்கும் என்ன சம்பந்தம்?

2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவே அடித்தது. கரண்ட் வர எத்தனை நாள் ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். புயல் வந்தால் ஜெனரேட்டர் வரும். மழைக்குப் பயந்து அதை வராந்தாவிலும் மாடிப்படிக்குக் கீழேயும் வைப்பார்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. நிறமோ மணமோ இல்லாதது. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும்.

தலைவலி, வாந்தி, மயக்கம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகப்படுவோம். புகையையும் சந்தேகப்படுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இங்கே ஏமாற்றும். அது மோனாக்ஸைடு பிடித்த ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்று 98 காட்டும். கோவிட் காலத்தில் வாங்கி வைத்த அந்தக் கருவியை நம்பி யாரும் வீட்டிலேயே படுத்துவிட வேண்டாம்.

சாதாரணக் காற்றில் இந்த நஞ்சு பாதியாகக் குறைய 5 மணி நேரம் போல ஆகும். மாஸ்கில் முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் சுமார் 80 நிமிடம். 3 மடங்கு சேம்பரில் 23 நிமிடம் போதும். ஆனாலும் எல்லோருக்கும் சேம்பர் வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நினைவு தப்பியவர்கள், கர்ப்பிணிகள், இதயம் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்குத்தான் பெரும்பாலும் யோசிப்பார்கள். உடனே கதவைத் திறந்து ஆளை வெளியே இழுத்து, மாஸ்க் ஆக்ஸிஜன் தொடங்குவதுதான் உயிர் காக்கும்.

சேம்பருக்குப் போகும்போது தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

கூடாது. தேங்காய் எண்ணெய், பவுடர், சென்ட், கண் மை எதுவும் வேண்டாம். பட்டும் நைலானும் பாலியெஸ்டரும் வேண்டாம், அவர்கள் கொடுக்கும் பருத்தி உடைதான். போன், ரிமோட், தீப்பெட்டி, காது கேட்கும் கருவி எல்லாம் வெளியே. எங்கள் சேம்பரில் ஒரு பாட்டி மூன்று முறை தலை குளித்தும் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்று அழுதுவிட்டார். அறுபது வருட எண்ணெய். சீயக்காய் கொண்டுவரச் சொல்லி நானே தேய்த்துவிட்டேன். அவருக்குக் கோபம், ஆனால் நான் விடவில்லை.

காரணம் நெருப்பு. ஆக்ஸிஜன் தானாக எரியாது. மற்றதை எரிய வைக்கும். சாதாரணமாகக் கருகிப் புகையும் துணி, அழுத்த ஆக்ஸிஜனில் கண் இமைக்கும் முன் பற்றி எரியும். 1967 ஜனவரி 27இல் அப்பல்லோ 1 விண்கலத்தைத் தரையில் சோதித்தபோது உள்ளே சுத்த ஆக்ஸிஜன், வெளிக் காற்றைவிடச் சற்றே அதிக அழுத்தத்தில். ஒரு தீப்பொறி. மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். 1997இல் இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மருத்துவமனைச் சேம்பரில் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் நோயாளிகளுடன் உள்ளே இருந்த செவிலியர். ஒரு நோயாளி கையைச் சூடாக்கும் சிறு கருவியை உள்ளே கொண்டுபோயிருந்தார். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஐந்து வயதுச் சிறுவன் சேம்பர் தீயில் இறந்தான். ஒவ்வொரு நாளும் பையைத் தடவிச் சோதிக்கும்போது கோபப்படும் நோயாளிகளிடம் நான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

வேறு ஆபத்து என்ன?

அதிகம் வருவது காது வலி. ஊட்டி பஸ்ஸில் காது அடைக்குமே, அதன் பெரிய அண்ணன். எச்சில் விழுங்கலாம், கொட்டாவி விடலாம், மூக்கைப் பிடித்து வாய் மூடி மெதுவாக ஊதலாம். வலித்தால் உடனே கை தூக்குங்கள், நிறுத்துவார்கள். சளி பிடித்த நாளில் போக வேண்டாம். 20 முறைக்கு மேல் போனால் சிலருக்குத் தூரப் பார்வை மங்கும், சில வாரத்தில் அல்லது மாதத்தில் திரும்பும். அதற்குள் புதுக் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அடைத்திருக்கும் நியூமோதோராக்ஸ் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் உள்ளே விடவே கூடாது. புற்றுநோய்க்கு பிளியோமைசின் மருந்து எடுத்தவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அபூர்வமாக வலிப்பு வரும். ஆயிரக்கணக்கான முறைகளில் ஒன்றிரண்டு. மாஸ்கை எடுத்துச் சாதாரணக் காற்று கொடுத்தால் நின்றுவிடும். அதைத் தவிர்க்கத்தான் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் காற்று இடைவேளை விடுகிறோம். தண்ணீருக்கு அடியில் இதே வலிப்பு வந்தால் வாயிலிருந்து குழாய் நழுவி ஆள் மூழ்கிவிடுவார். அதனால் டைவர்கள் சுத்த ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே தொட மாட்டார்கள். படுத்து ஓய்வெடுக்கும் நோயாளி தாங்கும் அளவை, குளிர்ந்த நீரில் நீந்தி உழைக்கும் உடம்பு தாங்காது.

இந்த எல்லையைத் தன் உடம்பிலேயே சோதித்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன், மேலே சொன்ன ஹால்டேனின் மகன். வலிப்பு வந்து முதுகெலும்பு நசுங்கியும் சோதனையை விடவில்லை. 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, 1964இல் புவனேஸ்வரில் இறந்தார். தன் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்தார், அது போய்ச் சேர்ந்தது காக்கிநாடாவுக்கு. நம் புதுச்சேரியின் ஏனாம் பகுதிக்குப் பக்கத்து ஊர்.

ஆட்டிசம், பெருமூளை வாதம், இளமை திரும்புதல்: இவற்றுக்கு?

ஆட்டிசத்துக்கும் பெருமூளை வாதத்துக்கும் பலன் நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013லேயே மக்களை எச்சரித்துவிட்டது. குழந்தையின் அம்மாவிடம் இதைச் சொல்வது எனக்கு எளிதல்ல. அவர்கள் நகையை அடகு வைக்கத் தயாராக வருகிறார்கள். அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கும் ஆக்குபேஷனல் தெரபி என்கிற அன்றாடச் செயல் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், எத்தனை முறை கேட்டாலும்.

இளமைக்கு வருவோம். 2020இல் இஸ்ரேலில் வயதானவர்களுக்கு 60 முறை சேம்பர் கொடுத்து, ரத்த அணுக்களில் வயதோடு தேயும் டெலோமியர் நீண்டது என்றார்கள். சுமார் 30 பேர், ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு இல்லை. அதை வைத்து யாரும் இளமை திரும்பியது என்று சொல்ல முடியாது.

சில அழகு நிலையங்களில் ஜிப் வைத்த துணிப் பை மாதிரி ஒன்று இருக்கும், 1.3 மடங்கு அழுத்தம். ஒரு கணக்குப் பாருங்கள். காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன், 1.3ஆல் பெருக்கினால் 27 சதவீதக் காற்றைத் தரையில் சுவாசித்த மாதிரி. மருத்துவமனை மாஸ்கே அதைவிட அதிகம் கொடுக்கும். 2.4 மடங்கில் சுத்த ஆக்ஸிஜன் இதைப் போல ஏறக்குறைய ஒன்பது பங்கு. பெயர் ஒன்று, மருந்தின் அளவு வேறு.

சமுத்திரயானில் 6000 மீட்டர் போகிறவர்களுக்கும் இந்த மாதிரி ஆக்ஸிஜனா?

தம்பியின் மாணவர்கள் விரும்பிக் கேட்பது. இல்லை. ஆழ்கடலுக்கு மனிதரை அனுப்பும் இந்தியாவின் அந்தத் திட்டத்துக்காகச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் செய்யும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியில் மூன்று பேர் உட்காரும் கோளம் டைட்டேனியத்தால் ஆனது. வெளியே 600 மடங்கு அழுத்தம் இருந்தாலும் உள்ளே நம் வீட்டு அழுத்தம்தான். அவர்களுக்குப் பெண்ட்ஸ் வராது. கோளம் தாங்குமா என்பதுதான் கேள்வி.

உடம்பையே அழுத்தத்தில் வைப்பவர்கள் எண்ணெய்க் கிணற்று டைவர்கள். மும்பைக் கடலில் உள்ள பாம்பே ஹை எண்ணெய் வயலில் அப்படி வேலை நடக்கிறது. நம் புதுச்சேரிக்குத் தெற்கே காவிரிப் படுகையில் இருக்கும் பிஒய்-3 எண்ணெய் வயலில்கூட ஆழம் 40 முதல் 450 மீட்டர். இப்படி ஆழமான இடங்களில் வேலை செய்பவர்கள் கப்பலில் உள்ள அழுத்த அறையிலேயே வாரக்கணக்கில் வாழ்ந்து, மணி மாதிரி ஒரு கூண்டில் இறங்கி ஏறுவார்கள். கடைசியில் ஒரே தடவை, நாட்கணக்கில் மெதுவாக அழுத்தத்தைக் குறைப்பார்கள்.

அவர்கள் சுவாசிக்கும் வாயுவில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. 1988இல் பிரெஞ்சு நிறுவனம் கோமெக்ஸ் நடத்திய ஹைட்ரா 8 சோதனையில் டைவர்கள் கடலில் 534 மீட்டர் வரை வேலை செய்தார்கள், அங்கே அழுத்தம் 54 மடங்கு. உடம்புக்கு 0.4 மடங்கு ஆக்ஸிஜன் கொடுக்க, வாயுவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தால் போதும். 21 சதவீதம் வைத்தால் 11 மடங்கு ஆக்ஸிஜன் ஆகிவிடும், நிமிடங்களில் வலிப்பு வரும். மீதி இடத்தை ஹீலியமும் ஹைட்ரஜனும் நிரப்பின. ஆழம் கூடக்கூட ஆக்ஸிஜனைக் குறைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் முதலில் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். கணக்குப் போட்டதும் முகம் மாறும்.

விண்வெளியில்?

அங்கே நேர் எதிர். விண்வெளி நடையின்போது உடைக்குள் சுத்த ஆக்ஸிஜன், ஆனால் தரை அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உடை ஊதிப்போன டயர் மாதிரி விறைத்துவிட்டால் விரலை மடக்க முடியாது, அதனால் அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறார்கள். நிலையத்திலிருந்து சட்டென்று அந்த அழுத்தத்துக்கு இறங்கினால் அவர்களுக்கும் பெண்ட்ஸ் வரும். முன்கூட்டியே ஆக்ஸிஜன் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றிவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள்.

ஞாயிறு காலை புதுச்சேரியில் டைவ் முடித்து, அன்றிரவே ஊட்டி போகலாமா?

வேண்டாம். ஊட்டி 2240 மீட்டர் உயரம், கொடைக்கானலும் அப்படித்தான், ஏற்காடு 1500. மேலே அழுத்தம் குறையும், உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகும். விமானத்துக்குச் சொல்லும் கணக்கை மலைக்கும் வையுங்கள்: ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் கழித்து. செஞ்சிக் கோட்டை ஏறுவதில் இந்தப் பிரச்சினை இல்லை, அது 250 மீட்டர்கூட இல்லை. ஆனால் டைவ் முடித்த அன்று அவ்வளவு படி ஏறி உழைக்க வேண்டாம்.

ஒன்றரை மணி நேரம் உள்ளே படுத்து என்ன செய்வது? தூங்கலாமா?

தூங்கலாம். பாதிப் பேர் தூங்குவார்கள். அழுத்தம் ஏற்றும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் தூங்க விட மாட்டோம், காதைத் திறந்துகொண்டே இருக்க வேண்டும். அப்போது உள்ளே கொஞ்சம் சூடாகும், சைக்கிள் பம்பு அடித்தால் சுடுவது மாதிரி. இறக்கும்போது குளிரும், அதற்கு ஒரு பருத்திப் போர்வை வைத்திருப்போம். அப்போதும் எழுப்பிவிடுவோம், யாரும் மூச்சை அடக்கிக்கொண்டு தூங்கக் கூடாது என்பதற்காக.